கோயில் வாசலில் நின்ற ஸ்கூட்டர்

காட்டூருக்குச் சற்று முன்னால், வாய்க்கால் பாலத்தின் மேடு ஏறி இறங்கியதும், எல்லையம்மன் கோயில். அம்பிகாவின் ஸ்கூட்டர் அன்றும் அந்தக் கோயில் வாசலில்தான் நின்றது.

முதலில் இழுவை குறைந்தது. பிறகு என்ஜினுக்குள் யாரோ கிளிஞ்சல்களைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. காலடியில் ஐஸ் பெட்டியும் பின்சீட்டில் இறால் கூடையும் கனக்க, அம்பிகா இரண்டு கால்களையும் ஊன்றி வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள்.

பூசாரி மாரி கற்பூரத் தட்டோடு வெளியே வந்தார்.

"வந்துட்டியா? இன்னும் காணமேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"இன்னா பூசாரி, பஸ் வர நேரம் பாத்து நிக்கற கண்டக்டர் மாதிரி நிக்கறீங்க?"

"நான் இன்னாம்மா பண்ணட்டும்? அவ நிறுத்தறா, நான் ஏத்தறேன்."

அவர் கெட்டவர் அல்ல. வேப்பமரத்து நிழலுக்கு வண்டியைத் தள்ள ஒரு கை கொடுப்பார். குடிக்கச் சொம்பில் தண்ணீர் தருவார். பிறகு நிதானமாக விளக்கைத் தூண்டி, மணி அடித்து, எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் காட்டுவார். அம்பிகா கண்ணை மூடிக் கும்பிடுவாள். பாதி மனசோடு கும்பிட அவளுக்குத் தெரியாது. குங்குமம் இட்டுக்கொண்டு வந்து ஸ்டார்ட்டரை உதைத்தால் வண்டி சமர்த்தாகக் கிளம்பிவிடும்.

அதுதான் அவளுக்கு வந்த கஷ்டமே. கற்பூரம் ஏற்றும் முன் எத்தனை உதைத்தாலும் கிளம்பாத வண்டி, ஏற்றிய பிறகு கிளம்பியது. அம்மன்தான் நிறுத்துகிறாள் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று அவள் ஊர் புன்னைக்குப்பம் முழுவதும் கேட்டது.

அன்று அவள் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மீன் வியாபாரியின் வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கோயிலைத் தாண்டிப் போனது. ஐஸ் தண்ணீர் சாலை முழுக்க ஒழுகிக்கொண்டே போயிற்று. அது நிற்கவில்லை.

அந்தக் காலத்தில் கடலோரத்துப் பெண்கள் மீன் கூடையைத் தலையில் சுமந்து நடந்தே இந்த வழியாகப் போவார்கள். எல்லையம்மன் வாசலில் கூடையை இறக்கிவைத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்வார்கள். மீன் அந்த வாசலைத் தலைமேல்தான் கடக்க வேண்டும் என்பது வழக்கம். பஸ் வந்தது, கூடைகள் பஸ்ஸில் ஏறின. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஷேர் ஆட்டோ வந்தது, அதிலும் ஏறின. பிறகு நாற்றம் என்று சொல்லி பஸ்ஸிலும் ஆட்டோவிலும் கூடையை ஏற்ற மறுத்தபோது, அம்பிகா காட்டூர் வாத்தியார் ஒருவரிடமிருந்து பழைய ஸ்கூட்டரை வாங்கினாள். ஏரிப் பாலத்தைத் தாண்டி, பழவேற்காட்டு பஜாரைத் தாண்டி, மீஞ்சூர் சந்தை வரைக்கும் தன் மீனைத் தானே கொண்டுபோய் விற்ற முதல் பெண் புன்னைக்குப்பத்தில் அவள்தான். அதுவரை ஊரில் யாருக்கும் நினைவில்லாத வழக்கம், ஒரு பெண் வண்டி ஓட்டியதும் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வாரத்தில் முகத்துவாரத்து மணல்திட்டில் ஒரு படகு கவிழ்ந்தது. உயிருக்குச் சேதமில்லை, வலை மட்டும் போயிற்று. படகு ஊர்த்தலைவர் தாமோதரனின் தங்கை மகனுடையது. அம்மன் கோபம் கடலுக்கும் வந்துவிட்டது என்று பேச்சு எழுந்து, மறுநாள் மாலையே ஊர்க்கூட்டம் கூடியது.

தாமோதரன் முரட்டு மனிதர் இல்லை. கடலுக்குப் போன ஒவ்வொரு படகும் திரும்பும் வரைக்கும் கரையில் உட்கார்ந்திருப்பவர். பயந்தவர் என்று சொல்லலாம். ஆனால் அவர் பயந்தது தனக்காக அல்ல. பயந்த மனிதர்கள் கையில் அதிகாரம் இருந்தால் என்ன நடக்குமோ அது அன்று நடந்தது.

"அம்பிகா, உன்மேல எங்களுக்கு ஒரு கோவமும் கிடையாது," என்று ஆரம்பித்தார். "மீன் ஏத்திக்கினு போவும்போது நிக்குது. வித்துட்டு வெறும் வண்டியா வரும்போது நிக்கல. கற்பூரம் ஏத்தினா கிளம்புது. இதுக்கு இன்னா அர்த்தம், நீயே சொல்லு."

பெண்கள் நிற்கும் ஓரத்திலிருந்து அம்பிகா இரண்டடி முன்னால் வந்தாள். அவள் கணவன் சிவகுமார் காசிமேட்டில் விசைப்படகு வேலைக்குப் போயிருந்தான். பேச அவளைத் தவிர வேறு ஆள் இல்லை.

"வியாபாரி வேன் தெனம் என்னைத் தாண்டிப் போவுது மாமா. அதுல இருக்கறது மீன் இல்லாம வெண்டிக்காயா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"அத ஆம்பள ஓட்டறாம்மா."

"அப்ப அம்மாவுக்கு மீன் மேல கோவம் இல்ல, பொம்பள மேலதான் கோவம்னு சொல்றீங்க. அவ இன்னா ஆம்பளையா?"

இந்தத் தடவை பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. தாமோதரன் முகம் இறுகியது.

"சிரிக்கற விஷயம் இல்ல இது. கடல்ல போறவன் உயிரு. இன்னொரு தபா அந்த வாசல்ல நின்னுச்சுன்னா வண்டி வூட்டோட நிக்கணும். நம்ம ஊர்ல வேற எந்தப் பொண்ணும் வண்டி வாங்கவும் கூடாது. அவ்ளோதான்."

வேற எந்தப் பொண்ணும் என்றபோது அவர் பார்வை பூவிழியிடம் போனது. அவளும் ஒரு வண்டிக்குச் சொல்லிவைத்திருந்தாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் இறக்கிவிட்ட கூடையோடு வெயிலில் நின்று அழுகிப்போன மீனைக் கொட்டிவிட்டு வந்தவள் அவள்.

"கூட்டம் சொன்னா கேட்டுக்கறேன்," என்றாள் அம்பிகா. "ஆனா அம்மா பேர வெச்சு என்னை பயமுறுத்தாதீங்க. உங்களுக்கு அவளை எவ்ளோ தெரியுமோ, எனக்கும் அவ்ளோ தெரியும். என் பொழப்புல மண்ணள்ளிப் போடறவ இல்ல அவ. அவளுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்கறது நீங்கதான்."

வீட்டுக்கு வரும் வழியில் பூவிழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மெய்யாலுமே பயமா இல்லியா உனக்கு?"

"இருக்குதுடி. வண்டி நின்னுடுமோன்னு பயமா இருக்குது. அம்மாகிட்ட இன்னா பயம்?"

தெய்வத்தை நம்புகிறவர்களில் இரண்டு விதம் உண்டு. என்ன நடந்தாலும் அவள் கோபம் என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் ஒரு விதம். அவள் நல்லவள் என்று தெரியும், ஆகவே காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும் என்று தேடுகிறவர்கள் இன்னொரு விதம். அம்பிகா தேடத் தொடங்கினாள்.

வண்டி எல்லா நாளும் நிற்கவில்லை. அமாவாசையை ஒட்டி வரத்து குறைந்து, ஒரு சின்னக் கூடை மட்டும் கொண்டுபோன நாளில் கோயிலைச் சத்தமில்லாமல் தாண்டியிருந்தது. சின்னக் கூடையிலும் மீன்தானே இருந்தது? வாங்கின புதிதில் பெரிய கூடையோடும் நிற்காமல் போயிருந்தது. அதற்குப் பிறகு என்ன மாறியது?

மாறியது ஒன்றே ஒன்றுதான். என்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக், வாத்தியார் காலத்தது, எண்ணெய் படிந்து கறுத்து ஒருநாள் அடியோடு செத்துப்போனது. அவள் கொழுந்தன் பிரபாகரன்தான் வேறொன்று போட்டுக் கொடுத்தான். ஊரில் எல்லாப் படகு என்ஜின்களையும் பார்ப்பவன் அவன். அவன் காது வைத்துக் கேட்டால் என்ஜின் வாய் திறந்து பேசும் என்பார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் படகு என்ஜினுக்கு வாங்கி வைத்திருந்த புத்தம்புது பிளக் அது.

"உப்புக்காத்துக்கும் ஈரத்துக்கும் இதான் அண்ணி சரி. கடல்லயே நிக்காத பிளக்கு, ரோட்டுல எங்க நிக்கப்போவுது?" என்று சொல்லித் தன் கையாலேயே திருகிக் கொடுத்தான். அதற்குப் பிறகு சில நாள் வண்டி அருமையாக ஓடியது. அப்போது வரத்து கம்மி. மழை பெய்து ஏரியில் இறால் ஏறியதும்தான், கூடை நிறைந்ததும்தான், வண்டி நிற்க ஆரம்பித்தது.

காலையில் வெளிச்சம் வந்ததும் அம்பிகா கொல்லைப்புறத்தில் வண்டியை நிறுத்திப் பிளக்கைக் கழற்றினாள். பழைய பிளக்கின் மூக்கு கறுப்பாக, ஈரமாக இருந்தது அவளுக்கு நினைவிருந்தது. இது சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. வெள்ளைப் பீங்கானின் மேல் கடுகைவிடச் சின்னதாகக் கொப்புளங்கள். அடுப்பில் தண்ணீர் வற்றிக் காய்ந்துபோன பாத்திரத்தின் அடி அவளுக்கு ஞாபகம் வந்தது. இது நனைந்து நின்ற வண்டி இல்லை; காய்ந்து நின்ற வண்டி.

அதையே திரும்பத் திருகிவிட்டு, அன்றைக்கு மீனைப் பாதியாக ஏற்றிக்கொண்டு மீஞ்சூர் போனாள். விற்று முடித்ததும் ஆறிய பிளக்கைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, ரயில் நிலையத்துப் பக்கம் இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாள். கடையைப் பார்த்துக்கொள்வது ஹேமாவதி என்ற பெண். அம்பிகா தலைப்பு முடிச்சை அவிழ்த்து, பிளக்கைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தாள்.

ஹேமாவதி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தக் கடையில குடுத்தாங்கக்கா இத?"

"கடையில இல்ல. வூட்ல போட்டாங்க. படகுல இருந்தது."

"படகுலயா!" ஹேமாவதி சிரிக்கப்போனவள், அம்பிகாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "திருகு சேருது, நீளமும் சேருது. பாத்தா ஒண்ணுதான். ஆனா இது சூட்டைப் புடிச்சு வெச்சுக்கற ரகம். உங்க படகு மண்ணெண்ணெயில ஓடுதில்ல? எப்பவும் நனைஞ்சே கிடக்கும். அந்த ஈரத்தை எரிக்கறதுக்கு பிளக்கு சூடாவே இருக்கணும். உங்க வண்டி அப்படி இல்ல. லோடு ஏத்தி மேடு ஏறினா சூட்டைச் சட்டுனு வெளிய தள்ளணும். இது தள்ளாது. மூக்கு நெருப்புத்துண்டு மாதிரி செவந்துபோயி, தன் முறை வர்றதுக்கு மின்னாடியே பெட்ரோலைப் பத்தவெச்சிடும். அப்பறம் வண்டி எங்க ஓடும்?"

"ஆறினா?"

"ஆறினா ஓடும்."

அம்பிகா மனசுக்குள் கணக்குப் போட்டாள். விளக்கைத் தூண்டி, மணி அடித்து, எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் அணைந்து குங்குமம் இடுவதற்குள் ஒரு என்ஜின் எவ்வளவு ஆறும்?

"பூசாரி பாவம், தெனம் எனக்கு வண்டி ரிப்பேர் பண்ணிக் குடுத்திருக்காரு," என்றாள்.

சரியான பிளக் எது என்பது அவ்வளவு சுலபமாக இல்லை. ஹேமாவதி நான்கைந்து டப்பாக்களை எடுத்துப் போட்டாள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. மேலே எண்கள் இருந்தன. ஆனால் ஒரு கம்பெனியில் எண் ஏற ஏறச் சூட்டைத் தள்ளும் ரகம், இன்னொரு கம்பெனியில் எண் ஏற ஏறச் சூட்டைப் பிடிக்கும் ரகம். வண்டியோ பழசு. அதன் புத்தகம் வாத்தியார் வீட்டிலும் இல்லை.

"உள்ள பாருங்கக்கா," என்று இரண்டை நிமிர்த்திக் காட்டினாள் ஹேமாவதி. "நடுவுல இருக்கற பீங்கான் கழுத்து நீட்டமா இருந்தா சூடு உள்ளயே தங்கும். குட்டையா இருந்தா சீக்கிரம் இறங்கிடும்."

அம்பிகா ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நகத்தை உள்ளே விட்டு அளந்தாள். இறால் வாங்க வருகிறவர்கள் அவள் கூடையில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும்போது அவளுக்கு எரிச்சல் வரும். இப்போது அவளே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று நடுத்தரம், இன்னொன்று மிகக் குட்டை.

"இதுல எது?"

"சத்தியமா எனக்கே தெரியலக்கா. உங்க ரோடு, உங்க லோடு, நான் பாத்ததில்ல. ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. போட்டுப் பாத்துட்டு ஆகாதத திருப்பிக் குடுங்க."

"நான் திரும்பி வராமப் போயிட்டா?"

"இறால் சீசன்ல மீஞ்சூர வுட்டுட்டு எங்க போவீங்க?"

போட்டுப் பார்த்த பிளக்கை எந்தக் கடையிலும் திருப்பி வாங்க மாட்டார்கள் என்பது அம்பிகாவுக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஒருத்தி தன் கடைப் பொருளைத் தெரிந்தே நஷ்டத்துக்குக் கொடுக்கிறாள். தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டாள். உலகத்தில் பாதிக் குழப்பம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வெட்கப்படுவதால் வருவதுதான்.

முதலில் குட்டையானதைப் போட்டாள். காலைப் பனியில் வண்டி இருமியது, தும்மியது, உதைத்து உதைத்து அவள் கால் சோர்ந்துபோனது. ஊருக்குள் ஒரு சுற்று போய்வந்து கழற்றினால் மூக்கு கறுப்பாக நனைந்திருந்தது. துடைத்து டப்பாவில் வைத்துவிட்டு நடுத்தரத்தைத் திருகினாள். வண்டி ஒரே உதையில் பிடித்தது.

அவள் ஐஸ் பெட்டியையும் இரண்டு கூடைகளையும் கட்டினாள். வழக்கத்தைவிட ஒரு கூடை அதிகம். பூவிழியின் கூடை அது.

"இன்னிக்கேவா அக்கா? நின்னுடுச்சுன்னா?"

"நின்னா நிக்கட்டும். அரைக்கூடை ஏத்திக்கினு திருட்டுத்தனமா தாண்டறதுக்கு நான் இன்னா கடத்தலா பண்றேன்?"

கோயில் வாசலில் தாமோதரன் காத்திருந்தார். பக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் சிலர், தட்டோடு பூசாரி மாரி. வாய்க்கால் பாலத்து மேட்டில் வண்டி முனகியது. கிளிஞ்சல் சத்தம் வரவில்லை. வாசலுக்கு நேரே வந்ததும் அம்பிகா ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். வண்டி தாண்டிப் போய்விட்டது.

மீஞ்சூரில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். அதன் மூக்கு, டீயில் நனைக்காத ரஸ்க்கின் நிறத்தில் இருந்தது. அதைக் காட்டியபோது ஹேமாவதி கைதட்டினாள்.

பிற்பகலில் தாமோதரன் அவள் வீட்டுக்கே வந்தார். பூசாரியும் கூட வந்திருந்தார். கொல்லையில் பிரபாகரன் ஒரு படகு என்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். பூவிழி ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

தாமோதரன் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது.

"நல்லதாப் போச்சும்மா. இத்தினி நாள் ஏத்தின கற்பூரம் பலிச்சுடுச்சு. உனக்கு அம்மா உத்தரவு குடுத்துட்டா. நாளைக்குக் கூட்டத்துல சொல்லிடறேன். நீ தாராளமா போ."

"எனக்கா? எல்லாப் பொண்ணுங்களுக்குமா?"

"உத்தரவு உனக்குத்தானே கெடச்சுது. மத்தவங்க கேட்டா அப்ப பாத்துக்கலாம்."

பூவிழியின் கை ஐஸ் பெட்டி மேல் நின்றது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் மனவருத்தம் இல்லை. தாமோதரனுக்கு மரியாதை மிஞ்சும், பூசாரிக்குக் கற்பூரம் மிஞ்சும், அம்பிகாவுக்கு வண்டி மிஞ்சும். கொல்லையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த பிரபாகரனுக்கும் நல்லது. அவன் செய்த தப்பு யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

"உத்தரவெல்லாம் இல்ல மாமா," என்றாள் அம்பிகா. "பிளக்கு மாத்தினேன்."

"இன்னாது?"

"பிளக்கு. மின்னாடி இருந்தது தப்பான பிளக்கு. லோடு ஏத்தினா சூடாயி நின்னுடும். பூசாரி பூசை பண்ற நேரத்துக்கு ஆறிப்போயி கிளம்பிடும். அம்மா என்னை நிறுத்தவும் இல்ல, இப்ப வுடவும் இல்ல."

தாமோதரன் பூசாரியைப் பார்த்தார். பூசாரி தரையைப் பார்த்தார்.

"எதுக்கும்மா இப்பிடி?" என்றார் தாமோதரன். "நல்லபடியா முடியறத ஏன் கெடுத்துக்கற? ஊரே பாத்துச்சு. அம்மா செஞ்சான்னு சொன்னா உனக்கு இன்னா கொறஞ்சிடும்?"

"நாளைக்குப் பூவிழி வண்டி ஓட்டினா, உத்தரவு எங்கன்னு கேப்பீங்க. அவளும் ஒரு மாசம் வாசல்ல நிக்கணும். அம்மா செய்யாதத செஞ்சான்னு சொல்றது பக்தியா மாமா? பொய் சொல்லிட்டு நாளைக்கு அவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

"சரி, பிளக்குன்னே வெச்சுக்கோ. தப்பான பிளக்க போட்டவன் யாரு? கூப்புடு கேக்கலாம்."

அம்பிகா கொல்லைப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டாள். வாங்கும்போது தானே சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். அதுவும் பொய்தான். கொல்லையில் ஸ்பேனர் கீழே விழும் சத்தம் கேட்டது.

"நான்தான் போட்டேன்," என்று பிரபாகரன் எண்ணெய்க் கையோடு எழுந்து வந்தான். "படகு பிளக்கு. நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டேன். அண்ணி பிளக்க மாத்தினதப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சுடுச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு, கம்முனு இருந்துட்டேன். மன்னிச்சுக்கோங்கண்ணி."

"நீ இன்னா வேணும்னா செஞ்சே? உன்னாலதானே இத்தினி நாள் ஓடுச்சு," என்றாள் அம்பிகா.

ஆனால் தாமோதரன் நம்பவில்லை. "அண்ணிய காப்பாத்தறதுக்கு சொல்றான்," என்றார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அம்பிகாவுக்கும் தெரிந்தது. பிரபாகரன் கை வைத்த என்ஜின் நிற்காது என்ற நம்பிக்கை, ஊரில் அம்மன் மேல் இருந்த நம்பிக்கைக்கு அடுத்தபடி.

"அப்ப நாளைக்குக் காலையில வாங்க," என்றாள். "அந்தப் படகு பிளக்கையே திரும்பப் போடறேன். இன்னிக்கு ஏத்தின லோடுக்குக் கொறையாம ஏத்தறேன். ஆனா கோயில் பக்கம் போவ மாட்டேன். கோயிலுக்கு முதுகக் காட்டிக்கினு, ஏரிக்கரை மண்ரோட்டுல வடக்கே போறேன். அந்தப் பக்கம் ஒரு சாமியும் கிடையாது. அங்கயும் நின்னா பிளக்கு. நிக்காம போயிட்டா, கோயில்ல நிறுத்தினது அம்மாதான். அப்பிடி ஆச்சுன்னா நானே வண்டிய கொண்டாந்து உங்க வாசல்ல வுட்டுடறேன்."

"அண்ணி, வேணாம்," என்றான் பிரபாகரன் பதறி. "அந்தச் சூட்டுல பிஸ்டன் புடிச்சுக்கிச்சுன்னா என்ஜினே போயிடும்."

"போனா போவட்டும்."

மறுநாள் காலையில் ஏரிக்கரை மண்சாலையில் பாதி ஊர் கூடிவிட்டது. பூவிழி கூடைகளைக் கட்டினாள். வேறு சில பெண்களும் தங்கள் மீனைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். தாமோதரனின் மனைவி இந்திராணிகூட ஒரு கூடை நண்டைக் கொண்டுவந்து கணவர் பக்கம் திரும்பாமலே கட்டிவிட்டுப் போனாள். பிரபாகரன் எல்லோரும் பார்க்கப் படகு பிளக்கைத் திருகினான். அம்பிகா கிளம்பினாள். தாமோதரனும் மற்றவர்களும் பைக்குகளில் பின்னால் வந்தார்கள்.

மண்ணில் சக்கரம் புதைந்து புதைந்து ஏறியது. ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், மறுபக்கம் வெறும் சேற்றுத்திடல். வண்டி நன்றாகவே ஓடியது. ரொம்பவே நன்றாக ஓடியது. இத்தனை நாளும் நிற்காமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள், 'அம்மா, இன்னிக்கு ஒரு நாள் இது நிக்கட்டும்' என்று முணுமுணுத்தாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். இல்லை, நீ ஒன்றும் செய்யாதே, நீ சும்மா இருந்தாலே போதும் என்று திருத்திக்கொண்டாள்.

ஒரு வளைவில் மணல் ஆழமாக இருந்தது. இழுவை குறைந்தது. கிளிஞ்சல் குலுங்கியது. வண்டி நின்றுவிட்டது.

பைக்குகள் வந்து சேர்ந்தன. தாமோதரன் இறங்கிச் சுற்றிலும் பார்த்தார். கோயில் இல்லை, மரம் இல்லை, ஒரு நட்ட கல்கூட இல்லை. சேற்றில் நாரைகள் தங்கள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன.

"எந்த சாமின்னு கேளுங்க பெரியப்பா," என்றாள் பைக்கின் பின்னாலிருந்து இறங்கிய பூவிழி. "புது சாமின்னா பேரு வெக்கணும் இல்ல?"

யாரோ களுக்கென்று சிரிக்க, பின்னால் நின்ற எல்லோருக்கும் அது தொற்றிக்கொண்டது. பூசாரி மாரியும் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிரபாகரன் துணியைச் சுற்றிப் பிடித்துக் கொதிக்கும் பிளக்கைக் கழற்றினான். வெளுத்திருந்த மூக்கைத் தாமோதரன் கண்ணுக்கு நேரே நீட்டிக் காட்டினான். ரஸ்க் நிறத்துப் பிளக்கைப் போட்டு உதைத்தான். என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிடித்துக்கொண்டது.

தாமோதரன் அந்த வெளுத்த பிளக்கைத் துணியோடு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரிம்மா," என்றார் கடைசியில். "வெயில் ஏறுது. மீன் கெட்டுடும். மீஞ்சூருக்குக் கிளம்பு."

அம்பிகா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள்.

"ஏன், இன்னா ஆச்சு?"

"இங்க சொன்னது இங்கயே காத்துல போயிடும் மாமா. கூட்டத்துல சொல்லுவீங்களா?"

"சொல்றேன். உன் வண்டி மேல ஒரு குத்தமும் இல்லன்னு சொல்றேன்."

"என் வண்டிய மட்டும் சொன்னா போதாது. எந்தப் பொண்ணு வேணும்னாலும் ஓட்டலாம்னு சொல்லணும்."

"அது வேற விஷயம். அத பெரியவங்க கலந்து பேசி..."

"அப்ப பேசுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

"மீன் அழுகிடும்மா!"

"அழுகட்டும். அழுகற மீனப் பாத்துப் பாத்துத்தான் பூவிழி வண்டி வாங்கணும்னு சொன்னா."

ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. தாமோதரன் கூடைகளைப் பார்த்தார். அதில் ஊரின் பல வீட்டு மீன் இருந்தது. மேலாகக் கட்டியிருந்த கூடையில் நண்டுகள் சாக்கைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. அந்த முடிச்சை அவருக்கு நன்றாகத் தெரியும். இந்திராணி போடும் முடிச்சு.

அவர் மெதுவாக நடந்து வந்தார். மணலில் புதைந்திருந்த பின்சக்கரத்தின் பக்கம் குனிந்து, இரண்டு கைகளாலும் வண்டியைத் தள்ளி, கெட்டியான தரைக்கு ஏற்றினார்.

"எந்தப் பொண்ணு வேணும்னாலும் ஓட்டலாம்," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "கூட்டத்துலயும் இதையே சொல்றேன். போதுமா? ரொம்பப் புடிவாதக்காரி நீ."

"போதும் மாமா."

"பூவிழி, நீயும் பின்னால ஏறு. எப்பிடி ஓட்டறான்னு பாத்துக் கத்துக்கோ."

"அவ பின்னால ஏறினா லோடு அதிகம் மாமா," என்றாள் அம்பிகா, ஸ்டார்ட்டரில் காலை வைத்தபடி. "அவளை உங்க பைக்ல ஏத்திக்கினு மீஞ்சூர் வரைக்கும் வாங்க. இந்திராணி அத்தையோட நண்டுக்கு நல்ல வெல சொல்ல ஒரு ஆளு வேணும்."